படியெடுப்பு துல்லியமென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

விசுவமடு மாணவி:
வணக்கம். பரம்பரைத் தகவலைத் தாங்கும் டீ.என்.ஏ. இரட்டிக்கும்போது அதன் நான்கு மூலங்களில் அடினினுக்கு எதிரே தைமினும் குவானினுக்கு எதிரே சைற்றோசினுமே அமையுமென்றால், ஓரினத்துக்குள் இத்தனை வேறுபாடுகள் எவ்வாறு தோன்றுகின்றன? இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் வாய்க்காலோரத்து நெல் உயர்ந்தும், தண்ணீர் எட்டாத கடைக்கோடியில் அதே விதைநெல் குட்டையாகவும் நிற்பது விகாரமா, அதாவது டீ.என்.ஏ.யிலேயே ஏற்பட்ட மாற்றமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி:
பிள்ளை, வயலில் நீங்கள் காண்பது விகாரமன்று. நீர் குறையும்போது அதே பரம்பரையலகுகளுள் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் வெளிப்படுகின்றன. அக்குட்டைப் பயிரின் விதையை அடுத்த காலபோகத்தில் நல்ல ஈரத்தில் விதைத்தால் அது உயர்ந்தே வளரும்.

விகாரம் பெரும்பாலும் டீ.என்.ஏ. இரட்டிக்கும் இந்தப் படியெடுப்பில் பிறக்கிறது. படியெடுக்கும் நொதியமான டீ.என்.ஏ. பொலிமரேசு ஏறத்தாழ 1 இலட்சம் மூலங்களுக்கு ஒன்றைப் பிழையாகச் சேர்த்தாலும், உடனே பின்னோக்கிச் சென்று அதனை வெட்டித் திருத்துகிறது; எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றை வேறு புரதங்கள் சரிசெய்வதால், இறுதியில் 100 கோடிக்கு ஒன்றளவே தப்புகிறது. தப்பியது புணரியை, அதாவது இனப்பெருக்கக் கலத்தைச் சென்றடைந்தால் மட்டுமே சந்ததிக்குக் கடத்தப்படும்.

விவசாயப் பட்டதாரி, முல்லைத்தீவு:
ஐயா கூறியதற்கு நெல்லிலேயே அருமையான சான்றுண்டு. காட்டு நெல்மணிகள் முற்றியதும் உதிர்ந்துவிடும். 4ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எஸ்.எச்.4 எனும் பரம்பரையலகில் ஒரேயொரு குவானின் தைமினாக மாறியதால், புரதத்தில் லைசின் எனும் அமினோவமிலம் இருந்த இடத்தில் அஸ்பரஜின் அமைந்து, மணி கழன்றுவிழ உதவும் கலப்படை முழுமையாக உருவாகாமற்போனது. அம்மாற்றம் தற்செயலானது; உதிராத கதிர்களைத் தெரிந்தெடுத்து விதைத்தவர்கள் மனிதர்கள்.

விசுவமடு மாணவி:
மிக்க நன்றி. நிறமூர்த்தச் சோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப்பரிமாற்றமும் புதிய எதிருருக்களை, அதாவது ஒரே பரம்பரையலகின் மாற்று வடிவங்களை உண்டாக்குமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி:
பொதுவாக இல்லை. புணரிகள் உருவாகும் ஒடுக்கற்பிரிவில் அது ஏற்கெனவே உள்ள எதிருருக்களைப் புதிய சேர்க்கைகளாக்கும். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுறுவதால் சோடியின் இரு எதிருருக்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்; எனவே அங்கு அதன் பங்கு குறைவு.