ஆண்களும் திருமண மோதிரமும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பதிவு 1
எனக்கு மின்பலகை வேலை. பணியில் மோதிரம் போடமாட்டோம், உலோகம் மின்சாரம் ஓடும் இடத்தில் பட்டால் ஆபத்து. ஒரு விருந்தில் முன்பின் தெரியாத பெரியவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, விரலைச் சுற்றி வெளுத்திருந்த தடத்தைக் காட்டி, "என்ன தம்பி, வெளியே வரும்போது மட்டும் கழற்றிவிடுவீர்களோ?" என்றார். பக்கத்தில் என் மனைவி. அவள் பேசவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதிவு 2
காரணத்தை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் கணவர் லாரியிலிருந்து குதித்தபோது மோதிரம் கொக்கியில் மாட்டி, விரல் தோல் கையுறைபோல் உரிந்து வந்தது. விரல் பிழைத்தது, மடக்க வராது. ஆகவே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையைத் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரில் வைத்து, சோப்பு தடவுங்கள். அசையாவிட்டால், உறுதியான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுபாதியை மோதிரத்தை ஒட்டிக் கணு தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு நுழைத்த முனையை நகத்தின் பக்கமாக இழுத்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரமும் கூடவே நகரும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைதான். டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளில் செய்த மோதிரத்தைச் சாதாரண மோதிர வெட்டியால் அறுக்க முடியாது, நெரித்துத்தான் உடைப்பார்கள். வேலைக்குச் சிலிக்கோன் மோதிரம் போதும், மாட்டினால் அதுவே அறுந்துவிடும்.

பதிவு 3
நல்ல தகவல்தான், ஆனால் அவர் கேட்டது முதலுதவி இல்லை. உறுத்துவது அந்தச் சந்தேகப் பார்வை. நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். இங்கே நிச்சயத்துக்கு இடது கை, திருமணத்துக்கு வலது கை என்பது பரவலான வழக்கம். என் கணவரும் வலது கையில்தான் அணிகிறார். பார்க்க வந்த தோழி அவர் இடது கையில் மோதிரம் இல்லாததைக் கண்டு, என்னைத் தனியே அழைத்து, "உங்களுக்குள் ஏதும் பிணக்கா?" என்று கேட்டாள். இடது மோதிர விரலிலிருந்து இதயத்துக்கு நேராக ஒரு நரம்பு ஓடுகிறதாம்! பழைய ரோமானிய நம்பிக்கை அது, உடற்கூற்றில் அப்படி எதுவும் கிடையாது.

பதிவு 4
கைவிரலை வைத்து ஒருவரை அளக்கும் உரிமையை யார் கொடுத்தது? ஆண்கள் திருமண மோதிரம் அணிவது மேலை நாடுகளிலேயே இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான் பெரிதாகப் பரவியது. பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் அணிவதே இல்லை. நாங்கள் முஸ்லிம்கள், ஆண்களுக்குத் தங்கம் ஆகாது. வெள்ளி கேட்டபோது நகைக்கடைக்காரர் என் மாமனாரைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குப் போய் வெள்ளியா?" என்றார். மாமனார் முகம் சுருங்கியது. நான் வெள்ளியையே விரலில் போட்டு, அளவு சரி, பில் போடுங்கள் என்றேன்.