எஞ்சின் மாற்றிய டர்போ டீசல் வண்டியில் ஆயில் சூடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வால்பாறை ஜீப்:

பழைய ஜீப்பில் 2.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினை மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன். மாற்றிய நாள் முதல் ஆயில் சூடு தொல்லை. இப்போது சரியாகிவிட்டது. எப்படிப் பிடித்தோம் என்று எழுதுகிறேன், இதே பாடு பட்டவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள்.

தண்ணீர் சூடு 85, 88 டிகிரியில் அசையாமல் நிற்கும். ஆயில் மட்டும் ஏறும். அதிலும் ஒரு வேடிக்கை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு ஏறினால்கூட ஆயில் 112-ஐத் தாண்டாது. பொள்ளாச்சி–உடுமலை ரோட்டில் காலி வண்டியாக வேகமாகப் போனால் 130-ஐத் தொட்டுவிடும். கேட்ட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ரேடியேட்டரைப் பெரிதாகப் போடு. தண்ணீர் சூடே ஏறாதபோது ரேடியேட்டர் என்ன செய்யும்?

மலை ஏறும்போது எஞ்சினில் டீசல் அதிகமாக எரிகிறது, எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ பழுக்கிறது, வெளிக்காற்றும் குறைவு. சூடு அங்கேதான் அதிகமாக இருக்க வேண்டும். லோடே இல்லாத சமவெளியில் ஏறுகிறது என்றால், எரியும் டீசலை விட எஞ்சின் சுற்றும் வேகத்தோடுதான் அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டும். இந்த ஒரு யோசனைதான் வழி காட்டியது. அப்புறம் மற்ற அறிகுறிகளும் பொருந்தி வந்தன. அதே வேகத்தில் ஆயில் பிரஷர் முள் லேசாக நடுங்கும். எஞ்சின் உள்ளே சேரும் புகை வெளியேறும் பிரீதர் குழாயிலிருந்து ஆயில் கசிந்து, டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் பைப் உள்ளே ஈரமாக இருக்கும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் ‘ஃபுல்’ கோட்டில் சரியாக நிற்கும்.

கடைசியில் ஆயிலை வடித்து, எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைக் கழற்றி, குச்சியை அதன் குழாயில் செருகிக் கீழிருந்து பார்த்தோம். ‘ஃபுல்’ கோடு கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) எடைக்கட்டிகள் சுற்றும் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. எஞ்சின் மாற்றிய பட்டறையில், டர்போ பைப் இடிக்கிறது என்று வேறு மாடலின் நீளமான குச்சிக் குழாயை மாட்டியிருக்கிறார்கள். குழாய் நீளமானதால் குச்சி கீழே எட்டவில்லை. கோடு வரை ஊற்றினாலே ஆயில் அதிகம். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. கடைவதிலும் சூடு பிறக்கும், நுரைத்த ஆயிலும் சூட்டைச் சரியாகக் கடத்தாது. பேரிங் பிழைத்ததே பெரிய விஷயம்.

குச்சியில் இரண்டு சென்டிமீட்டர் கீழே புதுக் கோடு அராவினோம். அதே ரோடு, அதே வேகம்: 107. மலையில் பெரிய மாற்றமில்லை, 110 பக்கம். டர்போ டீசலுக்கு லோடில் அது கவலைப்படும் சூடு அல்ல.

குன்னூர்க்காரன்:

அருமையான விளக்கம் அண்ணா. என் கதையில் நோயே இல்லை. மீட்டர் 135 காட்டும், ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் பழைய கொழகொழப்பு மாறாமல் இருக்கும், வாசனையும் கருகலாக இல்லை. சென்சரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னார் ஒரு எலக்ட்ரீஷியன். போட்டேன், மீட்டர் 112 காட்டியது. ஊர் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இங்கேயே ஆறு டிகிரி தப்பிவிடும்.

காரணம் எளிது: 120 டிகிரி வரை அளக்கும் சென்சர் ஒன்று, 150 வரை காட்டும் மீட்டர் ஒன்று, இரண்டையும் ஜோடி சேர்த்திருந்தார்கள். ஒரே கம்பெனி ஜோடியாக வாங்கிப் போட்டதும் சரியானது. இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளக்கும் அலுமினிய சம்பில் அது குறைத்துத்தான் காட்டும். ஓரிடத்தில் மேட் கறுப்பு பெயின்ட் அடித்து, அங்கே அளக்கவும்.

ஹட்டன் லேண்ட்ரோவர்:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது பழைய சீரீஸ் லேண்ட்ரோவர், உள்ளே 200 டிடிஐ எஞ்சின், 2,495 சிசி. தோட்டத்து ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. கொழும்புக்கு இறங்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது ஆயில் சூடு பயமுறுத்தும்.

இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் தலையிலேயே ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. ஆயில் சூடானதும் அது திறந்து, முன்னால் ரேடியேட்டரோடு இருக்கும் ஆயில் கூலருக்கு அனுப்பும். சீரீஸ் வண்டியின் ரேடியேட்டரில் ஆயில் கூலருக்கு இடமே கிடையாது. அதனால் கராஜில் போகும் பைப்பையும் வரும் பைப்பையும் ஒரு வளைவு ஹோஸால் இணைத்துவிட்டிருந்தார்கள். சூடான ஆயில் வெளியே போய், ஆறாமல் அப்படியே திரும்பி வரும்! டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண டீசலாக ஓட்டுகிறவர்கள் இப்படி விட்டுச் சமாளிக்கிறார்கள். டர்போவோடு மலை ஏறுகிறவருக்கு இது சரிவராது. தனி ஆயில் கூலர் ஒன்றை முன்னால் பொருத்தினேன், வேலை முடிந்தது.

தண்ணீரால் ஆயிலை ஆற்றும் கூலர் உள்ள எஞ்சின்களிலும் இதே விளையாட்டு நடக்கும். மாற்றும்போது அந்தச் சின்னத் தண்ணீர் ஹோஸ்கள் மிஞ்சிப்போனால் அடைத்துவிடுகிறார்கள். வண்டி ஓடத்தானே செய்கிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோவை பம்ப் பட்டறை:

நான் டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கிறவன். வால்பாறைக்காரர் சொன்னதன் மறுபக்கம் என்னிடம் வருகிறது: சமவெளியில் சுகம், மலையில் மட்டும் ஆயில் 125. கூடவே கறும்புகை.

பிக்கப் வேண்டும் என்று பம்ப் ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டிவிடுகிறார்கள். காற்று அதற்கேற்ப வராது. எக்ஸாஸ்ட் சூடு தாறுமாறாக ஏறும். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வைத்துப் பார்த்த ஒரு வண்டியில் ஏற்றத்தில் 800 டிகிரி. தொடர்ந்து 700-க்குள் வைத்திருப்பது பிஸ்டனுக்கு நல்லது. அந்தச் சூடு எங்கே போகும்? பல டர்போ டீசல்களில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட் இருக்கிறது, பிஸ்டன் சூடு நேரே ஆயிலுக்கு வந்துவிடும். டர்போ பேரிங்கை நனைத்து இறங்கும் ஆயிலும் சுட்டுக்கொண்டேதான் சம்புக்கு வரும்.

அந்த வண்டியில் இன்னொன்று. டர்போ இல்லாத பழைய எஞ்சினின் ஒடுங்கிய சைலன்சர் பைப்பே அப்படியே இருந்தது. டீசல் பீய்ச்சும் டைமிங்கும் லேட். பைப்பை அகலமாக்கி, டைமிங் வைத்து, டீசலைக் குறைத்ததும் ஆயில் 110-க்கு வந்தது. பிக்கப் கொஞ்சம் குறைந்ததில் ஓனருக்கு இன்றுவரை வருத்தம்தான்.

தேனி ஃபோர்வீல்:

எனக்கும் சமவெளிச் சூடுதான், ஆனால் ஆயில் அளவு சரியாக இருந்தது. குற்றவாளி கிரவுன் பினியன், அதாவது ஆக்சிலில் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. பழைய வில்லிஸ் வகை ஆக்சிலில் 5.38 ரேஷியோ. டாப் கியர் நேரடி, 6.00-16 டயர். 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3,100-க்கு மேல் சுற்றும். அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சினும் மெதுவான ரோடும் வேறு கணக்கு. நாள் முழுக்க அந்தச் சுற்றில் டீசலை ஓட்டினால் ஆயில் சுடாமல் என்ன செய்யும்? ஓவர் டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி போட்டதும் 2,600-க்கு இறங்கியது, ஆயில் சூடும் 12 டிகிரி குறைந்தது. இதையெல்லாம் செய்கிறவர்கள் எஞ்சின் மாற்றத்தை ஆர்டிஓ அனுமதியோடு ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது வேறு சூடு ஏறும்.

புதுசு:

எல்லாம் படித்தேன் அண்ணன்மார்களே. இவ்வளவு தேடுவதற்குப் பதில் பெரிய ஆயில் கூலர் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆகாதா?

வால்பாறை ஜீப்:

தம்பி, என் வண்டியில் கூலர் போட்டிருந்தால் மீட்டர் 115 காட்டியிருக்கும், நானும் நிம்மதியாக நுரையை ஓட்டிப் பேரிங்கைத் தின்றிருப்பேன். கோவைக்காரர் சொன்ன வண்டியிலும் அப்படித்தான், ஆயில் ஆறும், பிஸ்டன் உருகும். ஹட்டன் அண்ணனுக்குக் கூலர்தான் மருந்து, ஏனென்றால் இருக்க வேண்டிய கூலர் அங்கே இல்லை.

போடுவதென்றால் தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டரோடு போடவும். இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் ஆயில் 70-ஐத் தாண்டாது. அதில் சேரும் ஈரமும் டீசலும் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிவிடும். முதலில் ஒரு நாள் மலையிலும் ஒரு நாள் சமவெளியிலும் ஓட்டி, தண்ணீர் சூடு, ஆயில் சூடு, சுற்று மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து இங்கே போடு. அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.