காப்பிக் குடுவையும் கப்பல் மணியும்

(மலேசியாவில் மூன்று இடங்களைச் சேர்ந்த உறுப்பினர் மூவர் ஒருவர்பின் ஒருவராக எழுதியவை.)

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்

எங்கள் அலுவலகம் பதினேழாவது மாடியில் இருக்கிறது. காப்பி வைத்திருக்கும் அறையோ பதினான்காவது மாடியில். ஒரு நாள் மூன்று மாடி இறங்கிப் போய், குடுவை காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இந்தக் கொடுமை வேறு எவருக்கேனும் நேர்ந்திருக்கிறதா என்று எரிச்சலோடு இணையத்தில் தேடியபோதுதான், உலகின் முதல் இணையக் கேமராவே இதே எரிச்சலில் பிறந்தது என்பதை அறிந்தேன்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் ‘ட்ரோஜன் அறை’ என்று ஓர் அறை இருந்தது. அதற்கு வெளியே வடிந்து நிற்கும் காப்பியை நம்பி மற்ற மாடிகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஏமாந்து திரும்பியதால், 1991ஆம் ஆண்டில் குடுவையை நோக்கி ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படத்தைத் தங்கள் கணினித் திரையிலேயே பார்த்துக்கொள்ள வழிசெய்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறப் படம். காப்பி இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தால் போதாதா? 1993இல் அது வைய விரிவலைக்கு வந்தபோது, அந்தக் காப்பியில் ஒரு சொட்டும் கிடைக்காத தூரத்து மக்களெல்லாம் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2001 ஆகஸ்ட் 22இல் கேமராவை அணைத்த பிறகு குடுவை இணையத்தில் ஏலத்துக்கு வந்தது. ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ இதழின் இணையப் பிரிவு 3,350 பிரிட்டிஷ் பவுண்டு கொடுத்து வாங்கியது. எங்கள் பதினான்காம் மாடிக் குடுவைக்கு அந்த யோகம் வாய்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டர்வொர்த் உறுப்பினர்

அண்ணன் காப்பியைத் தொட்டுவிட்டதால் நான் தேநீரைச் சொல்லியாக வேண்டும். இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். பக்கம் கிடைக்காவிட்டால் 404 என்று வருமல்லவா, அதே வரிசையில் 418 என்றொரு எண்ணும் உண்டு. அதன் பொருள், ‘நான் ஒரு தேநீர்க் கெண்டி’ என்பது. சக ஊழியர் ஒருவர் விளையாட்டாக அதை எங்கள் சோதனைத் தளத்தில் வைத்துவிட, வழங்கி (சர்வர்) பழுதாகிவிட்டது என்று நினைத்து அரை நாளை வீணடித்தேன்.

1998 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, காப்பி இயந்திரங்களை இணையம் வழியாக இயக்குவதற்கான நெறிமுறை என்று ஓர் ஆவணத்தை முழுப் பொறியியல் நடையில் வெளியிட்டார்கள். தேநீர்க் கெண்டியிடம் காப்பி கேட்டால் அது 418 என்று மறுமொழி சொல்ல வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பால் ஊற்றும்போது ‘போதும்’ என்று சொல்வதற்கும் தனிக் கட்டளை வகுத்திருக்கிறார்கள். பால் வகைகளின் பட்டியலை ஆவலோடு படித்தேன். ஆடை, கொழுப்பு நீக்கியது, பாலே அல்லாதது என்றெல்லாம் இருக்கிறதே தவிர, கெட்டிப்பால் இல்லை. மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்காரர் ஒருவரையாவது கலந்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது. 2014இல் அந்த ஆவணத்துக்குத் தேநீருக்கென்று ஒரு பின்னிணைப்பும் வந்தது. வேடிக்கைக்காகப் பிறந்த எண் என்றாலும், 2022இல் வெளியான உண்மையான தர ஆவணம், வேறு எதற்கும் பயன்படுத்தாதபடி அதை ஒதுக்கியே வைத்திருக்கிறது.

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்

அண்ணன்மார் இருவரும் பாத்திரங்களைப் பற்றியே எழுதியிருப்பதால், என்னிடம் உள்ளதையும் வைத்துவிடுகிறேன். இது பாத்திரம் அல்லாத பாத்திரம்.

நியூசிலாந்துக்குப் போகும் தோழிக்காக வெலிங்டனில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். திரையில் வந்த ஒரு படத்தில், ஒரு சாணுக்கும் குறைவான உயரமுள்ள உடைந்த வெண்கல மணியின் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் இருந்தன. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி அந்நாட்டின் வாங்கரை பகுதியில் மாவோரிப் பெண்களிடம் அதைக் கண்டார். பெரும் காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். அவர் பார்த்தபோது மணி தலைகீழாக அடுப்பில் இருந்தது. அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துகளில் சில இன்று வழக்கில் இல்லாத வடிவங்கள். வாசித்தவர்கள் சொல்வது, ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்பதாகும். இரண்டு முறை ‘உடைய’ வருவதைத் தமிழாசிரியர் எவரும் சிவப்பு மையால் சுழித்திருப்பார். எனக்கோ அந்த இரண்டு ‘உடைய’வும்தான் பிடித்திருந்தது, ஏனென்றால் அது பேசுகிற மனிதரின் தமிழ். நான் நாள்தோறும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கடந்து வேலைக்குப் போகிறவள். கப்பலில் வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் தெருக்கள் அவை. முகைதீன் என்ற பெயர் எங்கள் ஊரில் கடைப் பலகைகளில் சாதாரணமாகக் கண்ணில் படும். எங்கள் தாத்தாவே நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். எனவே அந்தப் பெயரை அவ்வளவு தெற்கே, ஒரு கிழங்குப் பானையின் மேல் பார்த்தபோது உறவினரைக் கண்டாற்போல இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று மார்தட்டும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து போயிருக்கலாம்; மணி கை மாறி வேறொரு கப்பலில் போயிருக்கலாம். அது எப்படிப் போனது என்பதை மணி சொல்லவில்லை. யாருடையது என்பதை மட்டும் சொல்கிறது.

அன்று மாலை படத்தை அம்மாவிடம் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “பித்தளையா, வெண்கலமா?” என்றார். வெண்கலம் என்றேன்.

“அப்படியென்றால் சரி. பித்தளையாக இருந்திருந்தால் ஈயம் பூசாமல் சமைத்திருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.