நாக்பூர் தீர்ப்பு: நீதிபதி பலிகடாவா?

செக்‌ஷன்_ஏழு: "நீதிபதி புஷ்பா கனேடிவாலா சட்டத்தில் உள்ளதைத்தான் எழுதினார், கொலீஜியம் (நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) அவரைப் பலிகடா ஆக்கிவிட்டது" என்று பக்கத்து இழையில் ஒரு மேதை எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வில் அவர் எழுதிய 2021 ஜனவரி 19 தீர்ப்பு. துணிக்கு மேலே தொட்டால், தோலோடு தோல் படாததால் பாலியல் தாக்குதல் ஆகாதாம். 12 வயதுச் சிறுமி. கொய்யாப்பழம் தருகிறேன் என்று கூட்டிப்போன 39 வயது ஆள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 7இல் தொடுதல் என்று இருக்கிறது, துணிக்கு மேலா கீழா என்று எங்கே இருக்கிறது? அதற்குத் தண்டனை சொல்லும் பிரிவு 8இன் 3 வருடம் போய், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் என்று அப்போதைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 354இல் 1 வருடம்!

கோர்ட்டுப்பட்சி: அந்த மேதை நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். அவர் ஆளை வெளியே விட்டுவிடவில்லை. 354இல் குறைந்தபட்சம் 1 வருடம், அதைக் கொடுத்தார். தீர்ப்பு தப்பு, நானும் சொல்கிறேன். தப்புக்கு மருந்து அப்பீல். அப்போதைய அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டு ஜனவரி 27இலேயே தடை, நவம்பர் 18இல் ரத்து. அதோடு முடிந்தது.

செக்‌ஷன்_ஏழு: 354இல் அப்போது 5 வருடம் வரை இருந்ததே. ஏன் ஒன்று?

வைகைக்கரை: சிறுமி என்றாலே போக்சோ பிரிவு 10, குறைந்தது 5 வருடம். அதையே மறந்துவிட்டார்கள்.

கோர்ட்டுப்பட்சி: 12 வயதுக்குக் கீழே இருந்தால்தான் கடுமையான பாலியல் தாக்குதலுக்கான 9(எம்), 10 எல்லாம். 12 முடிந்தால் பிரிவு 8தான். சட்டத்தைப் புரட்டிவிட்டு வாருங்கள் அண்ணே. செக்‌ஷன் சாருக்கு: வந்தது குற்றவாளி போட்ட அப்பீல். அதில் தண்டனையைக் கூட்டக் கூடாது, அப்போதைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 386.

செக்‌ஷன்_ஏழு: கூட்டச் சொன்னது யார்? கீழ்க்கோர்ட் கொடுத்தது 3. பிரிவை மாற்றினாலும் 354இலேயே 3 வரை போயிருக்கலாம், கூட்டினதாக ஆகாது. கேள்வி அப்படியே நிற்கிறது. ஏன் ஒன்று?

கோர்ட்டுப்பட்சி: தண்டனை கடுமையாக இருந்தால் சாட்சியமும் கடுமையாக வேண்டும் என்று தீர்ப்பிலேயே காரணம் இருக்கிறது.

செக்‌ஷன்_ஏழு: அது பிரிவு 8ஐ விட்டதற்குக் காரணம். 354இல் குறைத்ததற்கு? கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் குற்றமில்லையா என்று வேணுகோபால் கேட்டாரே, அதற்கும் பதில் இல்லை.

வைகைக்கரை: ஒரு பெண்ணே இப்படி எழுதலாமா?

ராகமாலிகா: ரத்து செய்த தீர்ப்பை எழுதியவர் பேலா திரிவேதி. அவரும் பெண்தான். இந்தக் கணக்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 15 தீர்ப்பை ஏன் யாரும் தொடவில்லை? 5 வயதுக் குழந்தை, பிரிவு 10இல் செஷன்ஸ் கொடுத்த 5 வருடம், "உள்ளே இருந்த காலமே போதும்" என்றானது. அதே நீதிபதி. அந்த 5 வருடத்தையும் உச்ச நீதிமன்றம்தான் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு தடவை சறுக்கினதாக எப்படி எடுத்துக்கொள்வது?

கோர்ட்டுப்பட்சி: இரண்டும் அப்பீலில் சரியானது, மேடம். என் கேள்வி வேறு. அவர் கூடுதல் நீதிபதி, அரசியலமைப்பின் 224ஆவது பிரிவில் 2 ஆண்டு வரைதான். நிரந்தரமாக்கப் பரிந்துரைத்த கொலீஜியம் அதைத் திரும்ப வாங்கியது. 2 ஆண்டு நீட்டிப்பு கேட்டது, அரசு 1 ஆண்டு தந்தது. அடுத்த முறை அதுவும் இல்லை, 2022 பிப்ரவரியில் ராஜினாமா. நிரந்தர நீதிபதி இதையே எழுதியிருந்தால்? நீக்குவதற்கு 1968 நீதிபதிகள் விசாரணைச் சட்டம், மக்களவையில் 100 கையெழுத்து அல்லது மாநிலங்களவையில் 50, மூவர் குழு, இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு. ஒருத்தரும் தொட்டிருக்க முடியாது. தற்காலிக நாற்காலிக்காரரை மட்டும் காதும் காதும் வைத்தாற்போல அனுப்புவதற்குப் பெயர் பொறுப்புக்கூறலா? நாளைக்கு ஜாமீன் மனுவை எடுக்கும் கூடுதல் நீதிபதி, பேப்பரில் என்ன வரும் என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

செக்‌ஷன்_ஏழு: நிரந்தரப் பதவி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. கொடுங்குற்றத்தில் சிக்கிய 16–18 வயதுச் சிறாரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீட்டைப் போலீஸ் செய்யும் என்று போன மாதம் எழுதினவர்தானே நீங்கள்? அது சிறார் நீதி வாரியத்தின் வேலை.

கோர்ட்டுப்பட்சி: அதை எழுதினது வைகைக்கரை. ஆளை மாற்றி அடிக்காதீர்கள்.

வைகைக்கரை: சும்மா இருப்பவனை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த இழையையே மாடரேட்டர் பூட்டிவிட்டார்.

ராகமாலிகா: பென்ஷன் கேட்டு 2023இல் அதே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாரே, அதுவும் பலிகடா கணக்கிலா?

கோர்ட்டுப்பட்சி: அதற்குத் தனி இழை போடுங்கள், அங்கேயும் வருகிறேன்.

செக்‌ஷன்_ஏழு: வருவீர்கள். ஏன் ஒன்று என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

கோர்ட்டுப்பட்சி: சொல்லியாகிவிட்டது. மேலே ஏறிப் படியுங்கள்.

செக்‌ஷன்_ஏழு: படித்தேன். இல்லை.