பாதிப் போர்வையும் அதன் மூலையில் இருந்த பெயரும்

ஓஹையோவாசி:
பென்சில்வேனியாவின் ஒரு பழம்பொருள் கடையில், வெள்ளைப் பருத்திப் பாவும் அவுரி நீலக் கம்பளி ஊடையுமாக துளையிட்ட அட்டைகளின் வழியே பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் நெய்த ஒரு போர்வையின் பாதியைப் பார்த்தேன். தறியின் அகலம் போதாததால் இரண்டு துண்டுகளாக நெய்து நடுவில் தைப்பார்கள் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. வாரிசுகள் இருவர் அந்தத் தையலைப் பிரித்து ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொண்டார்களாம். ஓரத்தை விரலால் தடவியபோது, தையல் ஊசி போன துளைகளுக்கு அருகே ஒரு ரோஜா பாதி இதழ்களோடு நின்றுபோயிருந்தது. மூலைக் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயரும் 1841 என்ற ஆண்டும் இருந்தன. நெய்தவள் இவள்தானா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை விரித்தார். பாதியை வைத்து என்ன செய்வது என்று எண்ணி, வாங்காமல் வந்துவிட்டேன்.

தறிவீட்டுப் பேரன்:
நண்பர் அவசரப்படுகிறார். மூலையில் உள்ள பெண் பெயர் பெரும்பாலும் போர்வைக்கு உரியவளுடையது. வீட்டில் நூற்ற கம்பளி நூலை வாங்கி நெய்து கொடுத்த தொழில்முறை நெசவாளர்களில் மிகுதியானோர் ஆண்கள். ஜெர்மனியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அவர்களில் பலர். நியூயார்க் மாநிலத்தின் ஹாரி டைலர் தம் அடையாளமாக முதலில் சிங்கத்தையும் பிற்காலத்தில் கழுகையும் மூலையில் நெய்தார். ஆனாலும் பெண்களே இல்லை என்று நான் சொல்லவில்லை: இண்டியானாவின் ஃபவுண்டன் கவுண்டியில் சாரா லட்டூரெட் தம் சகோதரருடன் இத்தொழிலைச் செய்தவர். நான் கண்டது ஒரே ஒரு இரட்டைத் துணிப் போர்வை, அதாவது இரண்டு அடுக்காக நெய்தது. திருப்பியபோது நீலம் வெள்ளையாகி, எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நின்றன.

நூல்கண்டு:
யாரிடமாவது இத்தகைய போர்வை இருந்தால் தயவுசெய்து இயந்திரத்தில் துவைக்காதீர்கள், ஆணியில் தொங்கவிடாதீர்கள், வெயில் படும் கட்டிலில் விரிக்காதீர்கள், ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைக்காதீர்கள். அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள், அந்துப்பூச்சி இருக்கிறதா என்று அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி துவைத்தார். கம்பளி சுருங்கி, பருத்தி சுருங்காமல், முழுப் போர்வையும் அப்பளம்போல் நெளிந்துவிட்டது.

ஓஹையோவாசி:
சலவையைப் பற்றி நான் கேட்கவில்லை. பெயரைப் பற்றித் தறிவீட்டுப் பேரன் சொன்னதை ஏற்கிறேன். அடுத்த மாதம் அதே கடைக்கு மறுபடி போனேன். அந்தப் பாதியை வெட்டித் தலையணை உறைகளாகத் தைத்து அடுக்கியிருந்தார்கள். மூலைக் கட்டம் மட்டும் தனியே சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. ஆண்டு தெரிந்தது, பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் சட்டத்துக்குள் மறைந்திருந்தன.