‘தி இன்னொசன்ட்ஸ்’: பூனைக் காட்சியோடு நிறுத்திவிட்டேன், மீதியைப் பார்க்கலாமா?

நொய்யல்:
எஸ்கில் வோக்ட் இயக்கி 2021இல் வந்த நார்வேப் படம். நேற்று ராத்திரி போட்டேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கோடை விடுமுறை. பென் என்ற பையன் தொடாமலேயே ஒரு மூடியை நகர்த்துகிறான். அதுவரை ஆசையாகத்தான் பார்த்தேன். அப்புறம் அவனும் ஈடா என்ற சிறுமியும் ஒரு பூனையை மாடிப்படி உச்சியிலிருந்து கீழே போடுகிறார்கள். என்னால் முடியவில்லை, வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. மேலே பார்க்கலாமா? முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
பூனைக் காட்சி இன்னும் கொஞ்சம் நீளும், ஓட்டிவிட்டுப் பாருங்கள். பிறகு மனிதர்களுக்கு நடப்பதும் லேசானதில்லை.

தாழ்வாரம்:
பாருங்கள். என் அண்ணனுக்கு ஆட்டிசம், பேச்சு வராது. ஈடாவின் அக்கா ஆனாவும் அப்படித்தான். அவளுக்கு வலிக்கிறதா என்று ஈடா கிள்ளிப் பார்க்கிறாள், ஷூவுக்குள் கண்ணாடித் துண்டு போடுகிறாள். ஏழு வயதில் நானும் அண்ணனைக் கிள்ளியிருக்கிறேன். அவன் அழமாட்டான், அம்மாவுக்கும் தெரியாது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மற்ற படங்களில் குழந்தைக்குள் சாத்தான் புகுந்திருக்கும். பென்னுக்குள் எதுவும் புகவில்லை. வீட்டில் கவனிப்பார் இல்லாத பையன். கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறியும் வயதில் ஆளையே ஆட்டிவைக்கும் சக்தி கிடைத்துவிடுகிறது. பெரியவர்கள் யாருக்கும் தெரிவதில்லை. ஈடா அம்மாவிடம் பேச வரும் இடங்களைக் கவனியுங்கள். நடித்த இருவரும் நிஜத்திலும் தாயும் மகளும்தான்.

ஒரு வருத்தம் உண்டு. அதே குடியிருப்பில் இருக்கும் ஆயிஷா என்ற சிறுமி பக்கத்தில் இருந்தால் ஆனாவுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் வராத ஒன்று திரையில் அவ்வளவு சுலபமாக வந்தபோது வலித்தது.

ஊஞ்சல்:
பிடித்திருந்தால் கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘டோமு’ காமிக்ஸையும் படியுங்கள். அதிலும் அடுக்குமாடிக் குடியிருப்புதான், சக்தியுள்ள ஒரு சிறுமி உண்டு. ஆனால் கொல்பவர் ஒரு கிழவர்.

நொய்யல்:
முடித்துவிட்டேன். நல்ல வெயிலில், பிள்ளைகள் விளையாடும் இடத்திலேயே இவ்வளவு பயமுறுத்த முடியும் என்று நினைக்கவில்லை. தாழ்வாரம், ஆனா பாத்திர மூடியைச் சுழற்றுவாளே, அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. உங்கள் அண்ணனும் அப்படிச் செய்வாரா?

தாழ்வாரம்:
எவர்சில்வர் தட்டு. சாப்பிட்டு முடித்ததும் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். அது சுழன்று ஓயும்வரை இப்போதெல்லாம் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.