மறுமொழி: 'மாசுப்படிவு' போதாது, 'வளித்திரிபு' என்று வைப்போம்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றிலுள்ள வாயுக்களால் ஓவிய நிறமிகளும் சாயங்களும் நிறம் மாறுவதற்கு அருங்காட்சியகச் சொற்பட்டியலில் ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நம் குழுவில் அக்கா முன்வைத்த 'மாசுப்படிவு' என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. படிவு என்றால் மேலே வந்து தங்குவது. எங்கள் வன்னிக் கோயில்களில் பழைய சுவாமி படங்களின் முகத்தில் கர்ப்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கிடக்கும். அது படிவு. தேர்ந்த கை பக்குவமாக எடுத்தால் அடியில் பழைய நிறம் இருக்கும். நாம் பெயர் தேடுவது நிறமியே மாறிப்போவதற்கு.

ஓவியத்தில் பயன்படும் ஈய வெள்ளை என்ற நிறமியைப் பாருங்கள். களப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறதே, அந்த ஐதரசன் சல்பைட்டு காற்றில் சிறிதளவு கலந்திருந்தாலே போதும், வெள்ளை ஈயக் காபனேற்று கரிய ஈய சல்பைட்டாக மாறத் தொடங்கும். காட்சிப் பேழைக்குள் இருக்கும் கம்பளியும் சிலவகை ரப்பரும்கூடக் கந்தக வாயுக்களை வெளிவிடும். எண்ணெய் வண்ணத்தில் எண்ணெயே ஓரளவு காப்பு. நீர்வண்ணத்தில் அது இல்லை. அதனால் பழைய நீர்வண்ணப் படத்தில் கன்னத்து ஒளிக்கென்று வைத்த வெள்ளைத் தீற்றல் கறுத்து, வெளிச்சம் விழவேண்டிய இடம் நிழலாகிவிடுகிறது. துடைத்துப் பயனில்லை, நிறமியே வேறு பொருளாகிவிட்டது.

குழுவில் ஐயா சொன்ன 'வளிமங்கல்' என்ற சொல் அவுரிச் செடியின் நீலச் சாயத்துக்குப் பொருந்தும். ஓசோன் அவுரி மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை முறித்து நிறத்தை அழிக்கிறது. 1980களில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் ஒளி படாமல் வைத்தே இதைச் சோதித்துக் காட்டினார்கள். மஞ்சள் கிழங்கின் நிறப்பொருளான குர்க்குமினும் ஓசோனில் வெளிறும். ஆனால் ஈய வெள்ளை மங்குவதில்லை, கறுக்கிறது. ஒரே சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

ஆகவே 'வளித்திரிபு' என்கிறேன். திரிபு என்பது இலக்கணத்தில் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறுவது: மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடமாகும்போது ணகரம் மறைந்து நிற்பதில்லை, டகரமாகவே திரிந்துவிடுகிறது. நமக்கு வேண்டிய பொருள் அதுதான். காற்றைக் குறிக்கும் 'வளி' எங்கள் இலங்கைப் பாடநூலில் உள்ள சொல். தமிழகத்தாருக்கும் வளிமண்டலம் பழக்கமானது. உட்பிரிவு தேவையென்றால் வளிக்கருமை, வளிவெளிறல் என்று பிரிக்கலாம். மாசுப்படிவு தனிப்பதிவாக இருக்கட்டும்.

வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இதே வாயுவால்தானே, அதையும் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். நிறமிக்கும் சாயத்துக்கும் மட்டும் போதும் என்பது என் எண்ணம். உலோகத்துக்கு 'அரிப்பு' ஏற்கெனவே இருக்கிறது. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.